எதிர்ப்பு மூட்டை

குப்பை லாரியின் பின்படியில் பதினேழு வருடமாக நின்று வருகிறவளுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் சரவெடி. வாயைத் திறந்தால் ஓயாது. கையும் அப்படித்தான், டிரைவர் ஒரு பாட்டை மாற்றுவதற்குள் பாதித் தெருவை அள்ளி முடித்திருப்பாள்.

அந்த வருடம் குப்பைக் கட்டணத்தை ஒன்றரை மடங்காக்கப் போவதாக நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. டீசல் விலை ஏறிவிட்டது, கிடங்கு நிரம்பிவிட்டது, வாங்குகிற காசு லாரி ஓடவே பற்றவில்லை. கட்டணம் கூடாவிட்டால் டிரைவரே இறங்கி அள்ள வேண்டும். சரவெடிக்கு வேலை போய்விடும். ஆனால் வார்டின் முந்நூறு வீட்டில் பாதிக்கு மேல் எதிர்த்தால் உயர்வு ரத்து. நகராட்சி முத்திரை போட்ட படிவம், வீட்டுக்கு ஒன்றுதான். கூட்டத்துக்கு வந்து, பகல் பன்னிரண்டு மணிக்குள் அவரவர் கையால் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். யாரும் மறந்துவிடக் கூடாதென்று, கையெழுத்தான படிவங்களைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார். இருநூற்றுப் பதினொன்று சேர்ந்தது. அதில் ஒன்று சரவெடியின் வீட்டுக்காரர் போட்டது. தையல்கடைக்காரர்.

"உன் வேலைக்கு எதிரா போடலடி. நம்மகிட்ட காசில்ல, அவ்வளவுதான்" என்றார்.

மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. சரவெடி பேசாமலிருந்தது தெருவுக்கே அதிசயம்.

கூட்டமும் குப்பை நாளும் ஒரே நாளில் வந்தன. மேலாளர் படிவங்களைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி, கேட் ஓரம் வைத்துவிட்டு, கார் சாவி எடுக்க உள்ளே போனார். கேட் ஓரம் கறுப்புப் பை இருந்தால் குப்பைக்காரி என்ன செய்வாள்? லாரிக்குள் தூக்கி எறிந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் கவனித்தாள்: பை கிழிந்து, மீன் கழுவிய தண்ணீரில் ஊறியபடி வீட்டுக்காரரின் கையெழுத்து எட்டிப் பார்த்தது.

டிரைவர் வந்து பார்த்தார். "குப்பைய அமுக்குற லிவரை இழு. நசுங்கிடும். உன் வேலையும் நிலைக்கும், யாருக்கும் தெரியாது."

அவள் கை லிவரில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"எனக்குத் தெரியுமே! திருடி மாதிரி தலைகுனிஞ்சு இந்தத் தெருவுக்கு வர என்னால ஆகாது. வண்டிய நகராட்சிக்கு விடுங்க."

நகராட்சிக் கூட்ட அறையில் மேலாளர் பையைக் காணாமல் கைபிசைந்துகொண்டிருந்தார். சரவெடி சீருடையோடு நுழைந்து, சொட்டச் சொட்டப் பையைத் தரையில் வைத்தாள்.

"உங்க எதிர்ப்பு. ஒண்ணு விடாம இருக்கு."

நாற்றம் எல்லோரையும் சுவரோரம் தள்ளியது. மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "நீயே பொறுக்கி அவங்கவங்ககிட்ட குடுத்துடும்மா. உனக்குப் பழக்கம்தானே."

திரி பற்றிக்கொண்டது.

"பழக்கமா? கண்ணாடிச் சில்லைச் சும்மா போட்டுவச்சு என் கையக் கிழிச்சீங்களே, அதுவும் பழக்கமா? பதினேழு வருஷமா உங்க எல்லாருக்கும் சேர்த்து நான் கைய விட்டேன். இன்னிக்கு உங்க காகிதத்துக்கு நீங்க கைய விடுங்க. பன்னெண்டு மணி வரைக்கும் நேரமிருக்கு. நான் இங்கயேதான் நிக்கப்போறேன்!"

மற்றவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். சுவரோரத்திலிருந்து தையல்காரர் வந்தார். சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை விட்டுத் துழாவி, தன் படிவத்தை எடுத்தார். கிழித்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் நேரே போய் நகராட்சி அதிகாரியின் மேஜையில் வைத்தார். அவளுக்கு ஆத்திரம்தான். ஆனாலும் முதல் கை தன் வீட்டுக் கை என்பதில் ஒரு கர்வமும் வந்தது.

பன்னிரண்டு அடித்தபோது மேஜையில் பதினெட்டு படிவங்கள் இருந்தன. மேலாளருடையது இல்லை. கட்டணம் உயர்ந்தது. சரவெடியின் வேலை தப்பித்தது.

அவள் வீடு திரும்பியபோது தையல்காரர் குழாயடியில் நின்று நாலாவது தடவையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தேய்ச்சாலும் நாத்தம் போகமாட்டேங்குதுடி."

"போகாது," என்றாள் அவள். "இந்தக் கையாலதான் பதினேழு வருஷமா உங்களுக்குச் சாப்பாடு போடறேன்."