ராக்கெட்டுக்கு ஒரு உபயத் தகடு

சித்ரலேகாவுக்கு அப்போது வயது முப்பத்தாறு. அதில் பன்னிரண்டு வருடம் பாளையங்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கின் இயற்பியல் ஆய்வகத்தில் போயிருந்தது. யார் எதைச் சொன்னாலும் "எவ்வளவு?" என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு. காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி, மழை என்றால் எத்தனை சென்டிமீட்டர். இதனால் வீட்டில் கொஞ்சம் பயமும் வெளியே கொஞ்சம் கேலியும் சம்பாதித்து வைத்திருந்தாள்.

1996இல் ஆய்வகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் அதற்கு உறை தைத்துப் போட்டுச் சாம்பிராணி காட்டியதோடு சரி. அவள் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். அட்டையில் செய்த சின்ன ராக்கெட்டின் எடை, வெடிமருந்தின் வேகம், காற்றின் இழுவை இவற்றைக் கொடுத்தால், அது எவ்வளவு உயரம் போகும் என்று விடுவதற்கு முன்பே சொல்லிவிடும். முதல்வர் ஸ்வாமிநாதனுக்கோ ஆபீசில் சான்றிதழ் அடிக்க அந்தக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது.

"மாசி மாசம் கண்காட்சி வருது. அன்னிக்கு உங்க கம்ப்யூட்டர் ஜோசியம் பலிச்சா சரி. தப்பினா மறுநாளே மிஷின் ஆபீசுக்கு வந்துடணும்," என்றார்.

முதல் சோதனையில் ஜோசியம் பலிக்கவில்லை. நூற்று அறுபது மீட்டர் என்று திரை சொன்னது. ராக்கெட் நூற்று முப்பதோடு திரும்பிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. கடைசியில் வழி சொன்னது அவளுடைய டி.வி.எஸ். ஃபிப்டி. ஆற்றுப் பாலத்தில் எதிர்காற்றில் முக்கி முனகிக்கொண்டிருந்த வண்டி, பக்கத்தில் தொங்கிய வயர் கூடையைக் கழற்றிக் காலடியில் வைத்ததும் சுறுசுறுப்பானது. எடை அதேதான். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததுதான் வினை.

ராக்கெட்டின் விலாவிலும் அப்படி இரண்டு இருந்தன. கிளம்பும்போது நேராகப் போவதற்காக அதை ஒரு கம்பியில் கோத்துவிட வேண்டும். அதற்கென்று ஸ்கெட்ச் பேனாக் குழாயை நறுக்கி ஒட்டிய துண்டுகள். புரோகிராமில் உடம்பு, மூக்கு, இறக்கை எல்லாம் இருந்தன, இவை மட்டும் இல்லை. வெளியே ஒட்டிய ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பில் காற்றோடு மோதுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று தனியாக ஒரு பகுதி எழுதிச் சேர்த்தாள். விடை நூற்று முப்பத்து நாலுக்கு இறங்கியது. அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஐயம்பெருமாள் வந்தார். டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். சிவகாசியில் தனியாகச் சொல்லி ராக்கெட்டுக்கு மருந்துக்குழாய் செய்து வாங்கித் தருகிற புண்ணியவான். ஊரில் அவர் பேர் எழுதாத டியூப்லைட் கிடையாது. சிலவற்றில் எழுத்துகளுக்கு இடையில்தான் வெளிச்சம் வரும். பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகட்டை எடுத்தார். 'உபயம்: ஐயம்பெருமாள்.'

"டீச்சரம்மா, இதை ராக்கெட்டுல படுக்கவாக்குல மாட்டணும். சனம் கீழ நிண்ணு அண்ணாந்துல்லா பாக்கும்?"

கடைக்காரர் யோசனையில் பிழையே இல்லை. காற்றுதான் ஒத்துக்கொள்ளாது. சித்ரலேகா தகட்டை அளந்து எண்களைத் தட்டினாள். முப்பத்தொன்பது மீட்டர் என்று வந்தது.

"ஒரு பக்கம் மட்டும் இழுத்தா கவுந்தும் போயிரும், அண்ணாச்சி."

"அப்ப அந்தப் பக்கமும் ஒண்ணு மாட்டிருவோம். எங்க வீட்டுல உலகம்மா பேரு சும்மாதான இருக்கு."

அதையும் தட்டினாள். இருபத்திரண்டு.

ஐயம்பெருமாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்பேருக்கு இம்புட்டு இழுவையா?" என்றார். முகம் வாடிவிட்டது. சித்ரலேகாவுக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, தன்னை நினைத்தாலும் பாவமாக இருந்தது. அவர் கோபித்துக்கொண்டு போனால் மருந்துக்குழாய் இல்லை, ராக்கெட் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.

"இழுவை ஒண்ணும் கெட்டது இல்ல, அண்ணாச்சி," என்று ஆறுதலுக்காகத்தான் ஆரம்பித்தாள். சொல்லும்போதே பிடி கிடைத்துவிட்டது. "ஏறும்போதுதான் அது ஆவாது. இறங்கும்போது அதுதான் வேணும். உச்சியில விரியுத பாராசூட்டுத் துணியோட அடிப்பக்கம் பேரை எழுதிருவோம். ஏறுததுக்கு அஞ்சு நொடி, எவனால வாசிக்க முடியும்? இறங்குததுக்கு அரை நிமிசம் ஆவும். எழுத்துக்கூட்டியே வாசிக்கலாம்."

"ரெண்டு பேரும் எழுதலாமா?"

"தாராளமா."

பெயின்ட்டின் எடைக்குப் புரோகிராம் மூன்று மீட்டரைக் கழித்தது. கண்காட்சிக் கரும்பலகையில் '131' என்று தன் கையாலேயே பெரிதாக எழுதினாள்.

பிசான நெல் அறுத்த வயலில் கூட்டம் கூடியது. நூறு மீட்டர் தள்ளி, கோணமானியோடு ஸ்வாமிநாதனே நின்றார். யாரையும் நம்பவில்லை. ராக்கெட் சீறிக்கொண்டு போனது. உச்சியில் புகை நின்றது. அவர் இரண்டு தரம் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

"நூத்தி முப்பத்து நாலு," என்றார். "மூணு மீட்டர்தான் வித்தியாசம். மிஷின் அங்கேயே இருக்கட்டும்."

சித்ரலேகா கரும்பலகையில் '131'க்குப் பக்கத்தில் '134' என்று எழுதினாள். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து, மெல்ல ஆடி இறங்குகிற துணியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏ, எம்பேருல்லா வருது," என்றாள்.

திங்கட்கிழமை ஐயம்பெருமாள் ஆய்வகத்துக்கு வந்தார். செய்துவைத்த தகடு வீணாகக் கூடாதென்று, மனைவிக்கும் ஒன்று செய்து எடுத்துவந்து, தன் பேரைக் கம்ப்யூட்டர் திரையின் ஒரு பக்கமும் மனைவி பேரை மறுபக்கமும் ஒட்டினார். கம்ப்யூட்டரை அவர் வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் அது பறக்கப் போவதில்லை என்பதால் சித்ரலேகா தடுக்கவில்லை.