அம்மா கொழுந்தெடுத்த பைன்

நான் குடியேறிய வெளிநாட்டு ஊரான வெரிபீயில், என் தெருவில் இருப்பவர்கள் என் பெயரைக் கேட்டதில்லை. என் மரத்தின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். நாயோடு நடக்க வருகிறவர்கள் வாசலில் நின்று, பைன் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத செடி அது. முகோ பைன், ஐரோப்பாவின் பனிமலைகளில் வளர்வது. வருடத்துக்கு ஒரு விரல் நீளம் வளரும், நூறு வருடம் தாண்டியும் நிற்கும். அவசரக்காரர்களுக்கான மரம் இல்லை என்றார் நாற்றுப்பண்ணைக்காரர். எனக்கு அவசரமில்லை என்றேன். அதைப் பொறுமை என்று அவர் நினைத்திருப்பார். வீம்பு அது.

நான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறையில் பிறந்தவள். நாலு தலைமுறையாக எங்கள் கை படாத தேயிலை இல்லை. எங்களுக்கென்று ஒரு செடியும் இல்லை. வாசலில் அப்பா வைத்த கொய்யாவை, பாதை போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் ஒரு காலையில் வெட்டியது. வந்தவர்களிடம் கத்தி இல்லை. அப்பாவே எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். ஆய்வுகூட வேலைக்குப் போய் இங்கே வீடு வாங்கியதும், யாரும் வெட்டச் சொல்ல முடியாத, எனக்குப் பிறகும் நிற்கிற ஒரு மரத்தைத் தேடியது அதனால்தான்.

போன வருடம் செப்டம்பரில் அம்மா மூன்று மாத விசாவில் வந்தார். பூமியின் தெற்குப் பாதியில் இருக்கும் இங்கே அது வசந்தம். பைனின் கிளை நுனிகளில் மெழுகுதிரி போல இளங்குருத்து கிளம்பும். அந்த வருட வளர்ச்சியே அவ்வளவுதான். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அம்மா மரத்தின்மேல் குனிந்து நின்றார். இடது கை நிறையக் குருத்து. மரம் மேசை மாதிரி மட்டமாக இருந்தது.

"முத்திப் போயிரும் புள்ள. அதான் எடுத்துட்டேன்."

"அம்மா, இது தேயிலை இல்ல."

"தெரியாதாக்கும். இந்த ஊசியில யாரு தேத்தண்ணி குடிப்பா? கை சும்மா இருக்க மாட்டேங்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு ஜூடி நாயோடு வந்து நின்றாள். "உன் அம்மா தோட்ட வேலை செய்தவரா? என்ன வேகமான கை" என்றாள். யோசிக்கவே இல்லை. "இல்லை, ஓய்வுபெற்ற டீச்சர்" என்றேன். ஜூடி மரியாதையோடு கையை நீட்டினாள். அம்மா பிசின் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

அவள் போனதும் கேட்டார்: "டீச்சர்னு யாரச் சொன்ன?"

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அந்தச் சொல் தெரியும். குருத்துகளைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினார். விமானம் ஏறும்வரை முன்வாசல் பக்கம் வரவில்லை.

மரம் போயிற்று என்றே நினைத்து, நாற்றுப்பண்ணைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "யார் செய்தது? இப்படித்தான் கிள்ள வேண்டும், அடர்த்தியாக வரும்" என்றார். வாங்கியபோது கூடவே தந்த குறிப்பை நாலு முறை படித்தவள் நான். எனக்கு இது தெரியவில்லை.

பெற்றோருக்கான நிரந்தர விசா வரிசை என் பைனைவிட மெதுவாக நகர்கிறது. அதனால் இந்த வசந்தத்துக்கும் மூன்று மாதம் வரச்சொல்லி அம்மாவைப் போனில் அழைத்தேன். "வாங்கம்மா, கொழுந்து வந்துருச்சு."

"டீச்சருக்கு அங்க என்ன வேல புள்ள? நீயே எடுத்துக்க" என்றார். குரலில் கோபமே இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானே குனிந்தேன். அம்மா ஒரு நொடியில் கிள்ளுவதை நான் முறுக்கி, இழுத்து, பிய்த்தேன். பாதி முடிந்திருந்தபோது தெருமுனையில் ஜூடியின் நாய் குரைத்தது. என் கை தானாக நின்றது. நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"டீச்சர் இந்த வருடம் வரவில்லையா?" என்றாள்.

"வருவார்" என்றேன்.

மீதியை நான் எடுக்கவில்லை. இப்போது குருத்து முற்றிவிட்டது. வீட்டைப் பார்த்த பக்கம் தேயிலை போல மட்டமாகவும், தெருவைப் பார்த்த பக்கம் மலை மரம் போல நிமிர்ந்தும், அடுத்த வசந்தம் வரை அது அப்படித்தான் நிற்கும்.