பஞ்சு வைத்த முதுகு

நான் நாலாம் கிளாஸோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பாதி மறந்தும் போயிற்று. தையல் படிக்கிற பெண்பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு தையல் கடையில் கொக்கி வைக்கவும் ஓரம் அடிக்கவும் சேர்ந்தேன். அப்போதெல்லாம் பெண்கள் ஆண் மாஸ்டர் முன்னால் ட்ரையல் போட்டு நிற்க மாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக டம்மிதான் நிற்கும். தலையும் கையும் இல்லாத துணிப் பொம்மை அது. நான் வீடுகளுக்குப் போய் அளவு எடுத்து வந்து, எங்கே சதை உண்டோ அங்கே பஞ்சு வைத்துக் கட்டி, டம்மியை அந்த ஆளாகவே ஆக்கிவிடுவேன். மாஸ்டர் வெட்டிய துணியை அதன்மேல் போட்டுப் பார்த்துத்தான் தைப்பார்.

ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வலது தோள்பட்டை சற்றுப் புடைத்திருக்கும். எந்த ரவிக்கையும் முதுகில் இழுத்துக்கொண்டு நிற்கும். எப்போதும் முந்தானையைப் போர்த்தியே நடப்பாள். அவளுக்காக டம்மியின் முதுகில் மூன்று தரம் பஞ்சு வைத்துப் பிரித்து, நாலாம் தரம் சரியாக்கினேன். பட்டு ரவிக்கை சுருக்கமே இல்லாமல் உட்கார்ந்தது. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. டம்மியை அப்படியே வாசல் கண்ணாடிக்குள், முதுகு தெருவைப் பார்க்க நிறுத்திவிட்டார். பஞ்சை எடுக்கணும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பெண்ணும் தாயாரும் வந்தார்கள். தாயார் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

“ஏட்டி, எம் மவ முதுகையா ரோட்டுல கொண்டு நிறுத்தியிருக்க? மாப்பிள வீட்டுக்காரங்க இந்த வழியாத்தான பஸ்ஸுக்குப் போவாங்க!”

“பேரா எழுதி வச்சிருக்கு? ஆருக்கம்மா தெரியும்?” என்றார் மாஸ்டர்.

“பெத்தவளுக்குத் தெரியுதுல்லா!”

நான் டம்மியைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பெண்ணும் பின்னாலேயே வந்து திரையை இழுத்துவிட்டாள். உள்ளங்கையால் டம்மியின் முதுகை மெல்லத் தடவினாள். தன் முதுகை அவள் எங்கே பார்த்திருக்கிறாள்?

“அக்கா, எனக்காவப் பஞ்சக் கொறச்சு வச்சியா? சத்தியமாச் சொல்லு.”

“இல்ல. அளவுதான்.”

“இம்புட்டுதானா?” என்று சிரித்தாள். கண்ணும் நிறைந்திருந்தது. “இதுக்கா இத்தன வருஷம் மூடிப் பொத்தி நடந்தேன்!”

வெளியே போனபோது முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். “மூடுட்டி, மூடுட்டி” என்றபடி தாயார் பின்னால் ஓடினார்.

அதற்குப் பிறகு, பஞ்சைப் பிரிக்காமல் நான் டம்மியை விட்டு நகர்ந்ததில்லை. அளவு எடுப்பது இன்னொருத்தி உடம்பை இரவல் வாங்குவது மாதிரி. வேலை முடிந்தால் திருப்பிவிடணும். அதைச் சொல்ல வாய் வராமல் இருக்கக் கூடாது.

வலது தோள் என்று எழுதிவிட்டேன். இப்போது, இடதோ என்று சந்தேகம் வருகிறது. அந்த ரவிக்கையில் அவளைப் பார்த்தவர்களைக் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவளே இதைப் படித்தால், தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லவேண்டும்.