கல்யாணத்தில் போட்ட முகாரி

பாட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; ராகம் எதுவும் தெரியாது. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

அப்போது திருச்சியில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும் ரிக்கார்டுகள்தான் எங்களிடம் இருந்தன. ஒரு நாள் முதலாளி, புதிதாக வந்த லாங் ப்ளே ரிக்கார்டு ஒன்றை மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தார். புல்லாங்குழல். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா இறந்தபோது காரியங்களுக்காக ஓடிக்கொண்டிருந்ததில் எனக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. அன்று கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். உலகத்தில் இதைவிட அழகானது எதுவும் இருக்க முடியாது என்று தோன்றியது.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் தங்கைக்குக் கல்யாணம். அவளுக்கு நான் கொடுக்கக்கூடியதில் உயர்ந்தது அதுதான் என்று நினைத்து, முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் காபி குடிக்கும்போது அந்த ரிக்கார்டைப் போட்டேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா சங்கீதம் தெரிந்தவர். டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாருப்பா மைக் செட்டு? முகாரியில்ல பாடுது! கல்யாண வீடுன்னு சொல்லி அனுப்பினாங்களா, எழவு வீடுன்னா?"

"பொண்ணோட அண்ணனேதாங்க" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"அப்படிச் சொல்லுங்க! தங்கச்சிய அனுப்ப மனசு வரல."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் ஊசியைத் தூக்கினேன். துக்கத்துக்கென்று ஒரு ராகம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தாலி நேரத்தோடு ஏறியது. தங்கை லால்குடிக்குப் போனாள். அங்கே மாடு செத்தாலும், நாற்று அழுகினாலும் அவள் மாமியார் என் ரிக்கார்டைத்தான் காரணம் சொன்னார். தங்கையின் முதல் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்தபோது நான் அந்த வீட்டு வாசலில் நின்றேனே தவிர, உள்ளே போகத் துணியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் தனியாகக் கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"அண்ணே, அந்தப் பிளேட்டு இருக்கா?"

"அத எதுக்கு கேக்கற பாப்பா?"

"அங்க அழ முடியல அண்ணே. கண்ணு கலங்கினாலே, 'அண்ணன் வச்ச முகாரிய தங்கச்சி பாட ஆரம்பிச்சிட்டா'ங்கறாங்க. போடு."

தெருவுக்குக் கேட்காமல் இருக்க, வெளியே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டேன். அவள் சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு சத்தமாகவே அழுதாள். ஒரு பக்கம் முடிந்து ஊசியை எடுக்கப் போனபோது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம்" என்றாள்.

ராத்திரி எங்கள் வீட்டில் தங்கியவளை மறுநாள் காலை லால்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.