இரண்டாவது சிகரத்தின் நோட்டு

பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஜன்னல் ஒன்றே உள்ள சின்ன அறையில் முப்பது வருடமாகப் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தவரை ஊரே ‘பல்லுக்காரர்’ என்றுதான் கூப்பிட்டது. ஊரில் பாதிப் பேருடைய தாடை அச்சு அவருடைய அலமாரியில் இருந்தது. தெருவில் யாராவது சிரித்தால், முகம் நினைவுக்கு வருகிறதோ இல்லையோ, பல்வரிசையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார். ஆறு நாளும் குனிந்தபடி வேலை. ஞாயிறு வந்தால் மலை.

மலைக்குத் துணை அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவி செய்யும் கடை வைத்திருந்தான். இவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பதினொரு வருடம் இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி சேர்ந்தே ஏறினார்கள். அந்தப் பதினொரு வருடத்தில் பல்லுக்காரர் ஒரு பாதையைக் கண்டுபிடித்தார். ஆடு மேய்க்கிறவர்களின் தடத்தையும் பழைய மரவெட்டிகளின் தடத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த பாதை. மூன்று கணவாய், இரண்டு சிகரம், ஒரே பகல். இந்தப் பக்கப் பள்ளத்தாக்கில் முதல் வெளிச்சத்தில் கிளம்பினால், அந்தப் பக்கத்தில் கடைசிப் பேருந்தைப் பிடித்துவிடலாம். துண்டு துண்டாக எல்லாவற்றையும் நடந்து பார்த்து வரைபடம் போட்டு வைத்திருந்தார். முழுசாக நடப்பது மட்டும் பாக்கி.

போன கோடையில் போவதாக இருந்தது. ஒரு மாதம் முன்னால் மச்சானுக்கு முட்டி வலி வந்துவிட்டது.

“மாமா, இந்த வருஷம் முடியாது போல. ஆனா நீங்க தனியா போயிடாதீங்க. சேந்து போகணும்னுதானே இத்தனை வருஷம் இருந்தோம்?”

“உன்னை விட்டுட்டு நான் போவேனாடா? முதல்ல காலைப் பாரு.”

பார்த்துக்கொண்டதும் இவர்தான். வாரம் இரண்டு நாள் போய்க் களிம்பு தடவி, துணி சுற்றிவிட்டு வருவார். ஜூலை பதினெட்டாம் தேதி, பெரிய ஊரில் முட்டி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மச்சான் சொன்னபோது, மருத்துவமனையில் லீவு சொல்லிவிட்டு, நாள் முழுக்கச் சாவிக் கடையில் நின்றார். பழக்கமில்லாத இயந்திரம். மதியம் கட்டைவிரல் கிழிந்து மூன்று தையல்.

இந்தக் கோடையிலும் முட்டி சரியாகவில்லை. பல்லுக்காரருக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் தன் முட்டியே காத்திருக்காது என்று பட்டது.

“தனியா எதுக்குங்க?” என்றாள் மனைவி. ஒரு வாரம் விடாமல் சொன்னாள். கடைசியில், “சரி, முதல் சிகரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுங்க. போதும்” என்றாள். அக்கறை என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டார்.

முதல் கணவாயைக் காலை ஏழரைக்கே தாண்டிவிட்டார். முதல் சிகரத்தில் காற்று ஆளைத் தள்ளியது. பிட்டுப் பிட்டு ரொட்டி தின்றுவிட்டு நகர்ந்தார். இரண்டாவது கணவாய்க்கு இறங்கும் சரளைச் சரிவில் ஒரு அடி வைத்தால் மூன்று அடி வழுக்கியது. மறுபடி ஏற்றம். கடைசி நூறு மீட்டரில் பல்லைக் கடித்துக்கொண்டு கையும் காலுமாய்த் தொற்றி ஏறி, ஒரு மணிக்கு இரண்டாவது சிகரத்தில் நின்றார். ‘டேய், நீயும் இருந்திருக்கணும்டா’ என்று வாய்விட்டே சொன்னார்.

அங்கே கற்குவியலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே, வருகிறவர்கள் எழுதி வைக்கும் நோட்டு. அந்த உயரத்துக்கு வருகிறவர்கள் குறைவு. ஒரு வருடத்துக்கு மூன்று பக்கம்கூட நிரம்பவில்லை. எழுத இடம் தேடிப் புரட்டியவர் கண்ணில் தெரிந்த கையெழுத்து ஒன்று பட்டது. சாவி போட்டுக் கொடுக்கும் கவர்களின் மேல் ஆயிரம் தடவை பார்த்த கையெழுத்து.

‘ஜூலை பதினெட்டு. மூன்று கணவாய், இரண்டு சிகரம், ஒரே நாள். நானே கண்டுபிடித்த பாதை. சாக்குச் சொல்லி அனுப்பி வைத்த அக்காவுக்கு நன்றி.’

போன வருடத் தேதி. அவர் கட்டைவிரலைப் பார்த்தார். தழும்பு வெளுப்பாக இருந்தது. இரண்டாவது தடவை படித்தபோதுதான் ‘அக்கா’ என்ற வார்த்தை உறைத்தது. கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். மச்சான் ஏமாற்றினான் என்பதையாவது எப்படியோ விழுங்கிவிடலாம் போலிருந்தது. களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு தடவையும், “அவனை விசாரிச்சேன்னு சொல்லுங்க” என்று வாசல் வரை வந்து சொன்னவள் அவள்.

பிறகு எழுந்து தேதியைப் போட்டு, ‘தனியாக வந்தேன்’ என்று மட்டும் எழுதினார். பக்கத்தைக் கிழிக்கலாமா என்று கை போனது. கிழிக்கவில்லை.

மூன்றாவது கணவாய் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று இன்றும் அவருக்கு நினைவில்லை. கீழே சாலையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் காரோடு மச்சான் நின்றிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

“நீங்க தனியா கிளம்பிட்டீங்கன்னு அக்கா போன் பண்ணிச்சு. பாத்துட்டீங்களா மாமா?”

“பாத்தேன்.”

“ஒரே ஒரு தடவை என் வேகத்துல போய்ப் பாக்கணும்னு ஆசை. உங்களோட வந்தா வெளிச்சத்துக்குள்ள முடியாதுன்னு நினைச்சேன். சொன்னா மனசு ஒடைஞ்சிடுவீங்கன்னு…”

“போயிட்டு வரேன் மாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சோறு கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேனேடா. இல்லாத வலிக்கு ஒரு வருஷமா என்னை மருந்து தடவ வெச்சியே, அது எதுக்கு?”

மச்சான் கார்க் கதவைத் திறந்து பிடித்தான். தொலைவில் பேருந்து தெரிந்தது.

“கார்ல ஏறுங்க மாமா. கால் வலிக்கும்.”

“வலிக்கட்டும்” என்று பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அழுதிருந்தாள். “அவன் கெஞ்சினான்ங்க. ஒரு நாள் பொய்தானேன்னு நெனச்சேன். அப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரல.”

“ஒரு நாள் இல்ல. தினமும் காலைல எந்திரிச்சு நீ அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். அவள் குனிந்து கயிற்றை அவிழ்க்க வந்தாள். காலை இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் வந்தால் உட்காரச் சொன்னார், பேசினார். மழையைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. மலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மச்சானாக அந்தப் பேச்சை எடுத்தால், மருத்துவமனையில் அவசர வேலை இருப்பதாக எழுந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் கிளம்புகிறார். “எந்தப் பக்கம் போறீங்க?” என்று மனைவி கேட்பாள். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, “சாயங்காலம் வந்துடுவேன்” என்பார்.