மயிலிட்டியில் வாங்கிய எஞ்சின்

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலன், தன்னுடைய ஏ ஃபோர்ட்டி காருக்கு டீசல் எஞ்சின் பூட்டிக்கொண்டு சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் வந்து நின்ற காலையில், நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். நாங்கள் இருவரும் அங்கேதான் வாடகைக் கார் ஓடினோம். இரண்டும் ஒரே வகைக் கார். அவருடையது பச்சை, என்னுடையது கறுப்பு. என்னுடையதுதான் வடிவு என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பெற்றோல் விலை ஏறிப்போய், கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர ஒருவரும் கார் பிடிக்காத காலம். டீசல் மலிவு என்பதால் அதில் ஓடுகிறவர் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். சனம் அவரிடம்தான் போகும். மற்றச் சாரதிமார் சகலனைச் சுற்றி நின்று பொனற்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நான் என் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

எங்கள் மாமனார் மாதாமாதம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கப் போவார். மூத்த மருமகன் என்று எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார். அந்த மாதம் பச்சைக் காரில் போய்விட்டு வந்து, "டீசல்தானே தம்பி, அவனுக்குப் பெரிய செலவில்லை. உம்மை ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டுதான்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நீங்களும் ஒண்டு போட்டால் என்ன?" என்று மனைவி கேட்டாள்.

அவள் கேட்கமுதலே நான் தேடத் தொடங்கியிருந்தேன். எங்கே எடுத்ததென்று சகலனிடமே கேட்டேன். "கொழும்பிலை உடைஞ்ச வான் ஒண்டிலை இருந்து வந்தது அண்ணை. அது மாதிரி இனிக் கிடைக்கிறது கஷ்டம்" என்றார். சொல்லும்போது சிரித்தது போலவும் இருந்தது, சிரிக்காதது போலவும் இருந்தது. சிரித்தார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் உள்ளே வராது. புது எஞ்சின் என்ற கதைக்கே இடமில்லை. உழவு மெஷின் எஞ்சின் ஒன்று விலைக்கு வந்தது. ஒரு ஆலையில் மின்சாரம் எடுக்க வைத்திருந்த எஞ்சினைப் பற்றியும் கேள்விப்பட்டேன். சகலனுடையதைவிடப் பெரியது என்றபடியால் அதில் எனக்கு ஆசை விழுந்தது. கொக்குவிலில் றெயில் பாதையோரம் கராச் வைத்திருந்த மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன்.

"உழவு மெஷின்ரை பூட்டினால் பொனற் மூடாது. மற்றது சரியான பாரம். முன்சில்லு ரெண்டும் காலை விரிச்சுக்கொண்டு நிக்கும்" என்றார் அவர். "சின்ன வான் எஞ்சினாப் பாருங்கோ. நாலு சிலிண்டர். அதே எஞ்சினை வள்ளத்துக்கும் பூட்டுறவை. கரையிலை விசாரியுங்கோ. ஆனால் தண்ணி ஓடுற இடத்தைத் திறந்து பாக்காமல் எடுத்துப் போடாதேங்கோ. கடல் தண்ணி இரும்பைத் தின்னும்."

காங்கேசன்துறைக்குக் கிழக்கே, மயிலிட்டிக் கரையில், புது எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளத்தின் பழைய எஞ்சின் கிடப்பதாகத் தகவல் வந்தது. போனேன். வள்ளக்காரர் கடலுக்குப் போய்விட்டார். அவருடைய மனைவிதான் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய், மூடியிருந்த படங்கை இழுத்துக் காட்டினா. மெக்கானிக் சொன்ன அதே எஞ்சின்தான். பார்த்தவுடன் என் கை அதைத் தடவியது.

"போன கிழமையும் உங்கடை பக்கத்து ஆள் ஒருத்தர் வந்து பாத்தவர்" என்றா. "பச்சைக் கார். அது டீசலிலை ஓடுறது."

சகலன்தான். "வாங்கக் கேட்டவரோ?"

"விலை கேட்டவர்."

"பிறகும் வாறன் எண்டு சொன்னவரோ? ஆரோடை வந்தவர்? கனநேரம் நிண்டவரோ?"

அவ படங்கைக் கீழே விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. "நீங்கள் எஞ்சின் பாக்க வந்தனீங்களோ, அவரைப் பற்றி விசாரிக்க வந்தனீங்களோ?"

ஒன்று கையில் இருக்க இன்னொன்றையும் அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறான் என்ற நினைப்பு மட்டும்தான் எனக்குள் ஓடியது. அவ சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. அன்றைக்கே ஒரு லொறியைப் பிடித்து, சகலன் கண்ணில் படாதபடி ஊருக்குள்ளால் சுற்றிக்கொண்டு கொக்குவிலுக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் தண்ணி ஓடும் பக்க மூடியைக் கழற்றியதும் துருப்பிடித்த கறள் கட்டி கட்டியாய் நிலத்தில் விழுந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாக்காமலே எடுத்தனீங்களோ?"

"அவசரமாப் போச்சு."

அவர் ஒரு கம்பியை எடுத்தார். கம்பியால் குத்தியும் சுரண்டியும் உள்ளே துப்புரவாக்கினார். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் வைக்க ஒரு இரும்புத் தட்டைக் கடைந்து எடுத்தார். முன் ஸ்பிரிங்குகளை மாற்றினார். எல்லாம் பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணியபோது வீட்டுக் கதவுகள் அதிரும் சத்தம் வந்தது. "ஓடும்" என்றார். "எவ்வளவு காலத்துக்கு எண்டு மட்டும் என்னைக் கேளாதேங்கோ."

அடுத்த நாள் சந்தைக்கு நேரத்தோடு போய், பச்சைக் கார் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு முன்னால் என் காரை நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சகலன் வந்தார். அவர் முகம் கறுக்கும் என்று பார்த்தேன். கறுக்கவில்லை. பொனற்றைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"மயிலிட்டியிலை கிடந்ததோ அண்ணை?"

"ஓம். நீரும் கேட்டனீராம்."

"எனக்கெண்டு கேக்கேல்லை. நீங்கள் தேடித் திரியிறியள் எண்டு உங்கடை வீட்டிலை அக்கா சொன்னவ. உங்களுக்குச் சரிவருமோ எண்டுதான் போய்ப் பாத்தனான். உள்ளை எல்லாம் கறள். அதுதான் உங்களிட்டைச் சொல்லாமல் விட்டிட்டன்."

நன்றி சொல்லியிருக்கலாம். நான் பொனற்றைச் சாத்தினேன். எஞ்சின் வாங்குவதில் என்னை முந்தப் பார்த்தவன் என்று ஒரு கிழமையாக மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்த ஆள், எனக்காக அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு மயிலிட்டி மட்டும் போய் வந்திருக்கிறார். காரில்தான் முந்தினார் என்றால் பொறுத்திருப்பேன். இதிலும் முந்திவிட்டாரே என்றுதான் எரிச்சல் வந்தது.

எஞ்சின் சில வருடம் ஓடியது. நாவற்குழிப் பாலம் தாண்டும்போது சூடு ஏறும். பயணிகளை இறக்கிவிட்டு, றேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன். சில நேரம் பச்சைக் கார் பின்னால் வந்து நிற்கும். கலன் தண்ணீரோடு சகலன் இறங்கி வருவார். வேண்டாமென்று கைகாட்டுவேன். அவர் ஊற்றிவிட்டுத்தான் போவார். கடைசியில் ஒருநாள் சிலிண்டர்ச் சுவர் வெடித்து எஞ்சின் முடிந்தது.

அதற்குள் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிட்டது. சகலன் ஜப்பான் வான் ஒன்று எடுத்தார். பச்சைக் காரை உடைத்து விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவரே வீட்டுக்கு வந்தார்.

"அந்த எஞ்சினை உங்களுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன், அண்ணை. கறளில்லாதது."

மறுக்க வாய் உன்னியது. உள்ளேயிருந்து மனைவி, "எப்ப கொண்டு வாறீர்?" என்று கேட்டுவிட்டாள்.

அது என் கறுப்புக் காரில் அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் காரை விற்கும்வரை ஒருநாளும் சூடேறவில்லை. ஏறுகிறவர்கள் நல்ல எஞ்சின் என்பார்கள். எங்கே எடுத்ததென்று கேட்பார்கள். கொழும்பில் என்று சொல்லிவிடுவேன். அது தன்னுடைய எஞ்சின் என்று சகலன் ஒருவரிடமும் சொல்லவில்லை, மாமனாருக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியிருந்தால் அவரோடு கோபிக்க எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.