ஜீப்பைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தவர்

ஈஸ்வரியின் போன் வந்தபோது நான் மேட்டுக் காலனியில் ஒரு கைக்குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். “அத்தே, அம்மா போயிருச்சு” என்றாள். கடைசி நான்கு நாட்களாகப் பஞ்சவர்ணம் மதினிக்கு வயிறு இறங்கவில்லை. அதே நினைப்பில் இருந்த எனக்கு வாயில் முதலில் வந்தது, “வயிறு எறங்குச்சாடி?” என்ற கேள்விதான். செத்துப்போனவரைப் பற்றி யாராவது அப்படிக் கேட்பார்களா? ஈஸ்வரி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “இல்லத்தே, எறங்கவே இல்ல” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். குழந்தையின் எடையைக் குறிக்க மறந்துவிட்டு இறங்கி ஓடினேன்.

காலனி முக்கில் கட்டியிருக்கும் பேனரில் ‘உடல்நலக் குறைவால் காலமானார்’ என்று போட்டிருக்கிறார்கள். அவரைப் பற்றி நம் வாசகசாலை இதழுக்கு எழுதச் சொன்ன தம்பியும், “அக்கா, கொஞ்சம் கௌரவமா எழுதுங்க, அந்த வார்த்தையெல்லாம் வேண்டாம்” என்றார். அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் நாம் இந்த இடத்தில் வந்து நிற்கிறோம். மலச்சிக்கல். முப்பது வருட மலச்சிக்கல், அதற்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்த குடல் புற்றுநோய். அவரைத் தெரிந்த உங்களிடம் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அவருக்கும் இருந்திருக்காது.

அவர் எனக்கு உறவு முறையில் மதினி இல்லை. கேரளத்து உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களில் பன்னிரண்டு வருடம் ஒரே கூட்டத்தில் காய் எடுத்தோம், அந்தப் பழக்கம்தான். பிறகு எனக்கு அரசு சுகாதாரத் திட்டத்தில் ஆஷா வேலை கிடைத்து, வீடு வீடாகப் போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவளாக ஆனேன். அவர் கடைசிவரை தோட்டத்துக்குத்தான் போனார்.

ஏலக்காட்டு வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறே கால் மணிக்கு ஜீப் வந்துவிடும். அதற்குள் சோறு பொங்கி, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, தூக்குச்சட்டியோடு ரோட்டில் நிற்க வேண்டும். வயிறு கலக்கினாலும் உட்கார நேரம் கிடையாது. தோட்டத்தில் கக்கூஸ் கிடையாது. செடிக்கு அடியில் சாக்கை விரித்துக் குத்தவைத்து, மழைக்கு இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக் கட்டி, அட்டைக்கடியோடு நாள் முழுக்கக் காய் எடுப்போம். ஒதுங்க வேண்டுமென்றால் படுதாவை அவிழ்க்க வேண்டும், அட்டையைப் பார்க்க வேண்டும், சூப்பர்வைசர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் பால் இல்லாத கட்டன் காப்பி ஒரு டம்ளர், மத்தியானம் சோற்றோடு ரெண்டு மடக்கு, அவ்வளவுதான்.

இப்படி ஆறு நாளும் அடக்கி வைப்பதை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் தீர்ப்பதுதான் எங்கள் லைன் வீடுகளின் வழக்கம். நிலாவரை இலையைப் போட்டுக் கொதிக்கவைத்த கஷாயத்தில் ஆளுக்கு ரெண்டு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றிக் குடிப்போம். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் பிய்த்துக்கொண்டு போகும். இருந்த இரண்டு கக்கூஸ் வாசலில் நிற்கும் வரிசை ரேஷன் கடையில்கூட நின்றதில்லை. அந்தக் கஷாயப் பானை பஞ்சவர்ணம் மதினியின் அடுப்பில்தான் இருந்தது. “ஆறு நாளு எஸ்டேட்டுக்கு, ஒரு நாளு வயித்துக்கு” என்று சொல்லிச் சொல்லி ஊற்றிக் கொடுப்பார். கைப்பிடி இலையில் ஆரம்பித்தது, நான் ஆஷா வேலைக்கு வந்த சமயத்தில் ரெண்டு கைப்பிடியைத் தாண்டியிருந்தது. அதற்கும் சிலருக்கு அசையவில்லை. இலை சரியில்லை என்று கடையை மாற்றினோம். வயிறு சரியில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியே கக்கூஸ் வாசலில் மயங்கி விழுந்தார். நான்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆரோக்கிய கேந்திரத்துக்குக் கொண்டுபோனேன். அப்போது அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பானைக் கதையை முழுவதும் கேட்டார். வாரம் ஒருமுறை அடித்து விரட்டினால் குடல் தானாக வேலை செய்ய மறந்துவிடும் என்றார். தினமும் ஒரே நேரத்தில், அதுவும் காலையில் எதையாவது குடித்த பிறகு, பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்காருங்கள்; வந்தால் அடக்காதீர்கள், வராவிட்டால் முக்காதீர்கள்; தண்ணீர், கீரை, பழம்; கஷாயத்தை விட்டுவிட்டு நான் தரும் சிரப்பைக் கொஞ்ச நாள் குடியுங்கள். இவ்வளவுதான் சொன்னார். பழைய வயிறு திரும்ப மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மதினி பானையைக் கொண்டுபோய் வாழைமரத்தடியில் கவிழ்த்தார். மற்ற பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். “இத்தன வருசமா உங்களுக்கு ஊத்திக் குடுத்தது நாந்தான். தப்புன்னு நாந்தான சொல்லணும்?” என்றார். தன் தப்பை அப்படி நடுத்தெருவில் நின்று ஒப்புக்கொண்ட இன்னொரு ஆளை நான் பார்க்கவில்லை. காலையில் கேப்பைக் கூழ், கொல்லைப் பப்பாளி, முருங்கைக் கீரை என்று ஆரம்பித்தார். ஒருத்தி சீக்கிரம் குணமாக வேண்டுமென்று கோதுமைத் தவிட்டை வாங்கி அள்ளித் தின்றுவிட்டு, வயிறு கல்லாகி அழுதுகொண்டு வந்தாள். “தவிட்டத் தின்னுட்டுத் தண்ணி குடிக்காம இருந்தா உள்ள வறட்டிதாண்டி தட்டும். போ, போயி ஒரு சொம்பு தண்ணியக் குடி” என்று விரட்டினார்.

தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். காலையில் உட்கார நேரம் வேண்டும். ரெண்டும் எஸ்டேட் கையில் இருந்தது. ஜீப் ஓட்டும் ஷிபுவிடம் போய், ஆறரைக்கு வண்டி எடுக்கச் சொல்லிக் கேட்டார். “சேச்சி, கால் மணி லேட்டாயால் அரை நாள் கூலி போகும், என்னைக் குற்றம் பறயருது” என்று, தன்னைக் குறை சொல்லக் கூடாதென்று அவர் கையை விரித்தார். மறுநாள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது, பதினோரு பேரில் ஒருத்தியும் வெளியே வரவில்லை. ஆறரைக்குத்தான் வந்து ஏறினார்கள். தோட்டத்தில் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், “என்ன லேட்டு?” என்று கத்தினார். பெண்கள் தலையைக் குனிந்தார்கள். மதினி மட்டும், “வெளிக்கி இருக்கப் போனோம். அப்படியே எழுதிக்கங்க” என்றார். காய் எடுக்க வந்திருந்த வேறு கூட்டத்து ஆட்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மூன்று நாள் அரைச் சம்பளம் பிடித்தார்கள். மூன்று நாளும் ஆறரைக்குத்தான் ஏறினார்கள். காய் முற்றி நின்ற சமயம், எடுக்காவிட்டால் வெடித்துப் போகும். நான்காம் நாள் எஸ்டேட் இறங்கி வந்தது. அந்த வருடமே தோட்டத்துக்குள் தகரம் அடித்த இரண்டு கக்கூஸும் வந்தன. இன்று அந்த ரோட்டில் ஆறரைக்கு ஜீப் ஏறும் பெண்கள் யாருக்கும் இது தெரிந்திருக்காது, தெரிய வேண்டுமென்று அவர் நினைத்ததும் இல்லை. ஒரு வருடத்துக்குள் மதினிக்கு வயிறு நன்றாகவே ஒத்துழைத்தது. சிரப்பைக்கூட நிறுத்திவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இதைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

ரெண்டு வருடம் கழித்து ஒருநாள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருக்கும்போது, “மறுபடி ஒழுங்கா போக மாட்டேங்குது புள்ள. ரத்தமும் லேசாப் போகுது. பழைய மூலமாத்தான் இருக்கும்” என்றார். முக்கி முக்கி எங்கள் எல்லோருக்கும் மூலம் இருந்தது, எனக்கும் இருந்தது. நானும் மூலம்தான் என்றேன். காரத்தைக் குறைக்கச் சொன்னேன், சிரப்பை மறுபடி வாங்கிக் கொடுத்தேன், ஒரு களிம்பும் கொடுத்தேன். ஒழுங்காக இருந்த வயிறு திடீரென்று மாறினால், ரத்தம் போனால், காரணமில்லாமல் இளைத்தால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை எழுதிய நோட்டு என் பையில்தான் கிடந்தது.

ரெண்டு மாதம் கழித்துத்தான் அழைத்துப் போனேன். பழைய பெண் டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இருந்தவர் ஒரு இளைஞர். மதினி என் கையில் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ரெண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். “பாத்தாரா மதினி?” என்றேன். “பாத்துட்டாரு. ஒண்ணுமில்லங்காரு” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். மலச்சிக்கலுக்கு மருந்து மட்டும் எழுதியிருந்தது. ரத்தத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. ரெண்டு நிமிடத்தில் படுக்கவைத்துப் பார்த்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் முன்னால் வாய் திறந்தவர், மகன் வயதுப் பையன் முன்னால் வாய் திறக்கவில்லை என்பதும் அந்த நிமிடமே புரிந்தது. ஆனாலும் பஸ் வந்துவிடும் என்று நடந்தேன். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று நினைத்தேன். பெரிய நாகரிகம்!

பிறகு ஏழு மாதம் போயிற்று. இளைத்துக்கொண்டே வந்தார். கேட்டால், “கண்டதயும் திங்கிறதில்லல்ல, அதான்” என்பார். அந்தப் பதிலை நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். வயிறு ஒரேயடியாக அடைத்துக்கொண்டு உப்பிய பிறகு கோட்டயம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடலை வெட்டி, வயிற்றில் துளை வைத்து, பையை மாட்டி அனுப்பினார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது என்று சொன்னார்கள். அத்தனை வருடக் கஷாயத்தால் வந்ததா என்று நான் அங்கே கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் மலச்சிக்கல் என்றே நினைத்துக்கொண்டு இருந்ததால் நாள் போய்விட்டது என்றார்கள். வயிற்றில் பையோடு திரும்பி வந்தவர் என்னைப் பார்த்ததும், “இப்ப பாரு, அது பாட்டுக்கு வருது. ஜீப்பும் இல்ல, சூப்பர்வைசரும் இல்ல, யாரக் கேக்கணும்?” என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போவதற்குப் பத்து நாள் முன்பு பையை மாற்றிவிடப் போயிருந்தேன்; அதில் இறங்குவதும் அதற்குள் குறைந்துபோயிருந்தது. துடைத்து, புதுப் பையை ஒட்டி முடிக்கும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அன்னைக்கு நீ உள்ள வந்திருந்தா நான் காமிச்சிருப்பேன் சாந்தி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் பழைய பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். உன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதே என்று இதைப் படிக்கும் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வர வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் எழுந்து நின்று, “யாருக்கெல்லாம் ரத்தம் போகுது? கைய தூக்குங்க” என்றேன். ஒரு நிமிடம் எல்லோரும் என்னைப் பேய் பிடித்தவளைப்போல் பார்த்தார்கள். காரியம் நடக்கிற வீட்டில் கேட்கிற கேள்வியா என்று ஒரு பெரியம்மா முணுமுணுத்தது காதில் விழுந்தது. பிறகு ஒரு கை எழுந்தது. இன்னொன்று எழுந்தது. மூலம்தான் என்று ரெண்டு பேருமே கூடவே சொன்னார்கள். அதை டாக்டர் சொல்லட்டும் என்றேன்.

நான் கிளம்பியபோது ஈஸ்வரி பாதைவரை வந்தாள். எச்சில் இலையைப் போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். “அத்தே, எனக்கும் போகுது. நாலு மாசமா” என்றாள். முப்பத்திரண்டு வயது, ரெண்டு பிள்ளைகள். “ஏண்டி சொல்லல?” என்றேன். “அம்மா அப்படிக் கெடக்கும்போது என்னத்தச் சொல்ல? எனக்கு வெக்கமா இருந்துச்சு” என்றாள். நான் அங்கேயே, தெருவில் போவோர் வருவோர் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவளிடம் கத்தித் தீர்த்தேன். கத்தும்போது என் வாயில் வந்ததெல்லாம் மதினியின் சொற்கள்தான். வறட்டி, வெளிக்கி, ரத்தம், எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அந்த வாயை மட்டும்தான். அவருக்கே ஒருநாள் அது கைகொடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஈஸ்வரிக்கு வியாழக்கிழமைக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். டாக்டர் ஆணா பெண்ணா என்று நான் விசாரிக்கவில்லை. அவளோடு உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, அவளுடைய அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதை முதலில் நான் சொல்லப் போகிறேன்.